வள்ளி கும்மி ஆடி மூன்று வருடம்: என் உடம்பு சொல்வது

வள்ளி–முருகன் கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுகிற எங்கள் கொங்கு நாட்டு ஆட்டம் வள்ளி கும்மி. அதில் சேர்ந்தபோது எனக்கு 46 வயது, 73 கிலோ. அவிநாசி பக்கம் எங்கள் ஊர். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்து தைக்கிற வேலை. முதல் நாள் ஒரு பாட்டு முடிவதற்குள் மூச்சு வாங்கித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அம்மா காலத்தில் இந்த ஆட்டத்தை ஆண்கள்தான் ஆடுவார்கள், பெண்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அதை மாற்றியவர்களில் ஒருவர் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயா. 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது எங்கள் குழுவே கொண்டாடியது.

கும்மி என்றால் கைதட்டுவது என்று நினைப்பார்கள். உண்மையில் வேலை முழுக்கக் காலுக்குத்தான். முன்னே வைத்து, பின்னே எடுத்து, சுழன்று, குனிந்து நிமிர்ந்து, குதிக்க வேண்டும். பாட்டு மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறும். ஆறு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது இளைப்பு நின்றது. இப்போது தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன். ஒற்றைக் காலில் நின்றே கொலுசு மாட்டுகிறேன். எடை மட்டும் மூன்று கிலோதான் குறைந்தது. எடைக்காக மட்டும் வருகிறவர்களிடம், சாப்பாட்டையும் கவனியுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று.

சிரமங்களையும் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலோடு ஆடியதில் இரண்டு மாதம் குதிகால் வலி. மண் தரைக்கு மாறிய பிறகுதான் விட்டது. இன்னொன்று, குதிக்கும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்தது. இரண்டு பிரசவம் ஆன உடம்பு. வெட்கப்பட்டு இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். பக்கத்தில் ஆடுகிற அக்காவிடம் மெல்லச் சொன்னால், அவருக்கும் அதேதான்! பிசியோதெரபி செய்யும் பெண் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துப் பத்தாக, தினம் மூன்று வேளை. மூன்று மாதத்தில் நன்றாகக் குறைந்தது. இதற்காக யாரும் ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

நான் செய்த பெரிய தவறு, அரங்கேற்றம் முடிந்ததும் நிறுத்தியது. நாற்பது நாள் பயிற்சி, ஒரே நிறச் சேலை, விடிய விடியப் பேச்சு, அப்புறம் நான்கு மாதம் ஒன்றுமில்லை. பழைய இளைப்பு அப்படியே திரும்பி வந்தது. இப்போது எட்டுப் பேர் திங்கள், புதன், வெள்ளி 50 நிமிடம் ஆடுகிறோம். வாரத்துக்கு 150 நிமிடம், உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்தபட்ச அளவு. கைக்கும் தோளுக்கும் கும்மி போதாது. அதற்காக வாரம் இரண்டு நாள் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி தனியாகச் செய்கிறேன்.

மூட்டு வலி இருப்பவர்கள் குதிக்கத் தேவையில்லை. எங்கள் பெரியம்மாவுக்கு 63 வயது. குதிக்கிற இடத்தில் அடியெடுத்து வைத்து நடந்தே, கடைசி வரிசையில் முழுப் பாட்டும் ஆடுகிறார்.