மூன்று மூட்டை யூரியாவில் நெல்லுக்குப் போவது எவ்வளவு? தழைச்சத்தைக் காக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது பொதுவான பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஆக, மூன்று மூட்டை. பெரும்பாலான வயல்களில் அதில் 30 முதல் 40 சதவீதம்தான் பயிரின் உடம்பில் சேர்கிறது. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும், மற்றதெல்லாம் போய்விடும். எங்கே போகிறது என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும், "தண்ணியோட அடிச்சிக்கிட்டுப் போயிடும், இல்லாட்டி கீழ இறங்கிடும்" என்பார்கள். சேறு உழுத களிமண் வயலில் அது சிறு பங்குதான். பெரும்பங்கு மேலே, காற்றில் போகிறது. இது புரிந்துவிட்டால் எந்த வழி எதற்கு உதவும் என்பதும் புரிந்துவிடும்.

நட்டுப் பதினைந்து இருபது நாளான வயலில் உச்சிப்பொழுதுக்கு இறங்கிப் பாருங்கள். பயிர் இன்னும் மூடவில்லை. இரண்டு விரற்கடைத் தண்ணீரில் வெயில் நேராக விழுகிறது. பச்சைப் பாசி படர்ந்து, அதில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். அந்தப் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. விடியற்காலையில் 7.5-ஐ ஒட்டி இருக்கும் பி.எச். அளவு நண்பகலில் 9-ஐத் தாண்டிவிடும். இந்த நேரத்தில் யூரியாவை விசிறினால், அது கரைந்து இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாக மாறுகிறது. காரநீரில் அம்மோனியம் வாயுவாகிக் கிளம்புகிறது. கொஞ்சம் காற்றும் அடித்தால் வேகம் கூடும். தேங்கிய நீரில் விசிறுவதுதான் நம்மூரில் அதிகம் நடக்கும் முறை. அதிகம் இழக்கும் முறையும் அதுவே. ஆகவே மற்றவற்றை இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

முதலில் வேம்பு பூசிய யூரியா. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இந்தப் பூச்சு கட்டாயம். எனவே நீங்கள் கேட்காமலே இது உங்கள் கையில் இருக்கிறது. வேப்பெண்ணெய் தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதை. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் இடத்தில் அது பெரிய உதவி. காயும்போது நைட்ரேட் உருவாகும். திரும்பத் தண்ணீர் கட்டினால் காற்றில்லாத சேற்றில் அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் பிரிந்து போகும். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்பவருக்கு இந்தப் பூச்சு பலன் தரும். ஆனால் நான் மேலே சொன்ன நண்பகல் இழப்பை அது தடுக்காது. அம்மோனியமாகவே கூடுதல் நாள் நிற்பதால், தேங்கிய நீரில் விசிறினால் அது வாயுவாகப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. "பூச்சு இருக்கே, எப்படிப் போட்டா என்ன" என்ற நினைப்புதான் எனக்குக் கவலை தருகிறது.

அடுத்தது ஆழத்தில் வைப்பது. தழைச்சத்தைக் காப்பதில் இதற்கு ஈடு இல்லை. யூரியாவைக் கட்டியாக அழுத்தி, நாலு குத்துக்கு (சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துக்கு) நடுவே ஒன்று வீதம் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைக்கிறார்கள். அங்கே காற்று இல்லை, அதனால் நைட்ரேட் ஆகாது; மேல்நீரோடு தொடர்பு இல்லை, அதனால் வாயுவாகாது. வங்கதேசத்தில் 'குட்டி யூரியா' என்ற பெயரில் இது பரவியது. மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சம் என்பது அங்கே கண்ட அனுபவம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 25,000 கட்டிகள், கட்டி 1.8 கிராம் என்றால் சரியாக ஒரு மூட்டை. இதைப் பக்கத்து வயல் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது: "ஏந்தம்பி, இருபத்தஞ்சாயிரம் தடவ குனியிறதுன்னா நடவுக் கூலிய இன்னொரு தடவ குடுக்கணுமே?" அவர் கேட்டதில் தவறில்லை. வரிசை நடவு இல்லாத வயலில் நாலு குத்துக்கு நடுவு என்பதையே தேட வேண்டியிருக்கும். வீட்டு ஆட்களே இறங்கும் ஒரு மா, இரண்டு மா நிலத்துக்கு (ஒரு மா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மட்டும்தான் இதைச் சொல்வேன்.

2021-ல் வந்த, இலையில் தெளிக்கும் நானோ யூரியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதக் கரைசல் 500 மில்லி, அதாவது 20 கிராம் தழைச்சத்து. மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்கு ஈடு என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் பிடித்த வழி செலவில்லாதது. முதல் மேலுரத்துக்கு (நட்டபின் போடும் உரத்துக்கு) முந்தின நாள் வயலை வடித்துவிடுங்கள். தண்ணீர் நிற்கக் கூடாது, சேறு மட்டும் இருக்க வேண்டும். சாயங்காலம் யூரியாவைத் தூவி, களைக்கருவியை ஓட்டி மண்ணோடு கலக்கிவிட்டு, மறுநாள் மெல்லப் பாய்ச்சுங்கள். ஆழத்தில் புதைப்பதன் பலனில் ஒரு பகுதி இதிலேயே கிடைத்துவிடும். கதிர் உருவாகும் பருவத்து உரத்துக்கு இந்தப் பாடு அவ்வளவு வேண்டாம். அப்போது பயிர் மூடி நிழல் விழுந்திருக்கும், பாசி குறைந்திருக்கும், வேர் மேல்மண் முழுக்கப் பின்னியிருக்கும். போட்டதை உடனே இழுத்துக்கொள்ளும். இழப்பு பெரும்பாலும் அந்த இளம்பருவ மூட்டையில்தான்.

எப்போது போடுவது என்பதற்கு, வெளிர் முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் கொண்ட இலை வண்ண அட்டை போதும். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த இளம் இலைகள் பத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3-ஆம் பட்டை, மற்ற ரகங்களுக்கு 4-ஆம் பட்டை அளவுகோல். ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்காதீர்கள். கரும்பச்சையாகத் தெரியும் வயலைத்தான் இலைச்சுருட்டுப் புழு முதலில் தேடி வருகிறது.

வடிகால் தன் கையில் இல்லாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரருக்கு வடித்துப் போடும் வழி எட்டாது. வடித்த தண்ணீர் திரும்ப எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. அவர் யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்று கலந்து ஓர் இரவு வைத்துப் போடலாம். ஜிப்சம் அம்மோனியத்தைச் சல்பேட்டாகப் பிடித்துவைக்க உதவும். கூடவே, நடவுக்கு முன் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு ஒரு விதைப்பு. 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டால், முதல் மேலுரத்தில் பாதியைக் குறைத்துப் பார்க்கலாம்.