திரையில் விரிப்பதா, தரையில் விரிப்பதா? சேலம் முழுமைத் திட்டத்துக்கு மக்கள் கருத்தைக் கேட்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு நகரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போது, பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்கிறது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அறிவிப்பு அரசிதழிலும் நாளிதழ்களிலும் வரும். வரைபடம் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். மனு எழுதிக் கொடுக்கலாம். சட்டம் இயற்றப்பட்ட நாளில் அதுவே தாராளம். இன்று அதே வேலைக்கு இணைய வரைபடம், கைபேசிச் செயலி, வாட்ஸ்அப், முப்பரிமாண நகர மாதிரி என்று பல கருவிகள் முன்வைக்கப்படுகின்றன. 2016 செப்டம்பரில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்ற சேலத்துக்கு இவற்றுள் எதையேனும் விற்க வருவோருக்குப் பஞ்சம் இருக்காது. அதனால், எது எங்கே உதவும் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை ஆயிரம் பேர் கருத்துச் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையை நான் அளவுகோலாகக் கொள்ளவில்லை. சொன்ன கருத்து எந்த இடத்தைப் பற்றியது என்பது வரைபடத்தில் புள்ளியாகவோ கோடாகவோ பதிந்து நிற்கிறதா, அதை ஏற்றார்களா மறுத்தார்களா, என்ன காரணத்தால் என்பது சொன்னவர் கண்ணில் படும்படி எழுதப்படுகிறதா என்ற இரண்டையும்தான் பார்க்கிறேன். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா. செவ்வாய்ப்பேட்டையிலும் பனங்காட்டிலும் முன்னறையில் கொலுசுப் பட்டறையும் பின்னறையில் குடித்தனமுமாக இருக்கும் வீட்டுக்கு எந்த நிறம் பூசுவது? அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டுக்கு? குடியிருப்பு மண்டலத்தில் குடிசைத் தொழிலுக்கு ஒரு வரம்புக்குள் இடமுண்டு என்றாலும், அந்த வரம்பு எந்தத் தெருவில் ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, தெருக்காரருக்குத் தெரியும். அந்த அறிவைத் திட்டக் குழுமத்தின் மேசை வரை கொண்டுசேர்ப்பதுதான் கருவியின் வேலை.

முதலில் இணைய வரைபடம். ஒன்றிய அரசின் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமான அம்ருத்தின் கீழ் 500 நகரங்களுக்குப் புவிசார் தகவல் அமைப்பின் அடிப்படையில் 1:4000 அளவில் முழுமைத் திட்டம் தயாரிக்கும் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. திட்டமே மின்வடிவில் உருவாகும்போது அதை இணையத்தில் ஏற்றி, எவரும் ஒரு புள்ளியைத் தொட்டுக் கருத்தை எழுதும்படி செய்வதற்குக் கூடுதல் செலவு அதிகமில்லை. சர்வே எண், ஓடைப் புறம்போக்கு, ஏரி எல்லை, உத்தேசச் சாலை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்பது காகிதத்தால் முடியாத காரியம். பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்துக்காரர் இரவு பதினொரு மணிக்குத் தம் நிலத்தின் மீது சாலை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடையை ஆக்கிரமித்திருப்பது யார் என்பதைப் பெயர் வெளியே தெரியாமல் சொல்லும் வசதி இங்கேதான் உண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. 1:4000 என்றால் தரையில் 40 மீட்டர் வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர். இருபதடித் தெரு ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக் கோடாகிவிடுகிறது. திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் கோடு தடிக்குமே ஒழியத் துல்லியம் கூடாது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தவர் தம் வீட்டுச் சுவர் மஞ்சளுக்குள் இருக்கிறதா நீலத்துக்குள் இருக்கிறதா என்று முடிவே கட்டிவிடுவார். இதைவிட முக்கியமான குறை, சர்வே எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு மட்டுமே இந்த வரைபடம் உடனே பேசும் என்பது. நிலத்தரகரும் மனைப்பிரிவு போடுபவரும் பத்திரம் கையில் உள்ள உரிமையாளரும் முதல் நாளே வந்துவிடுவார்கள். வாடகைக்குத் தறி ஓட்டுபவருக்கும், புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவருக்கும் தங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சதுக்கம் ஒன்றைச் சீரமைப்பது போன்ற, எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தைப் பற்றிய முடிவுக்கு இணைய வாக்கெடுப்பு பொருந்தும். மாட்ரிட் நகரம் 2015இல் தொடங்கிய தன் இணையத் தளத்தின் வழியாக எஸ்பானியா சதுக்கத்தின் மறுவடிவமைப்பை அப்படித்தான் மக்களிடம் விட்டது. நகரம் முழுவதற்குமான நிலப் பயன்பாடு அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று.

செயலியும் வாட்ஸ்அப்பும் ஆட்களைச் சேர்ப்பதில் முதலிடம் பெறும். எழுதத் தயங்கும் பெரியவர்கூடக் குரல் பதிவில் இரண்டு நிமிடம் விளக்கமாகப் பேசிவிடுவார். அந்த வசதியை வேறெதுவும் தரவில்லை. ஆனால் பதிவுகள் மேலே நகர்ந்து போய்விடுகின்றன, இடத்தோடு ஒட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் புகைப்படத்திலிருந்து அது எடுக்கப்பட்ட இடத்தின் ஆயத்தொலைவு நீக்கப்பட்டுவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. அனுப்பியவர் சாக்கடை வழிவதைக் காட்டியிருப்பார். எந்தச் சாக்கடை என்று கண்டறிய அலுவலர் மறுபடி அழைக்க வேண்டும். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய கைபேசி எண்ணும் தெரியும் என்பதால், ஆக்கிரமிப்பைப் பற்றி அங்கே எழுதத் துணிவு வேண்டும். புகார்ச் செயலிகளோ எரியாத விளக்குக்கும் அள்ளாத குப்பைக்கும் ஏற்றவை. பிரிட்டனில் 2007இல் வந்த ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற இணையத் தளம் போல, புகாரையும் அதற்கான பதிலையும் எல்லோரும் காணும்படி வைத்தால் அவை நன்றாகவே வேலை செய்யும். ஒரு தெருவை நாற்பதடியாக அகலப்படுத்தலாமா என்ற கேள்வியை அவற்றில் போட்டால், ‘தீர்வு காணப்பட்டது’ என்ற முத்திரையோடு அது மூடப்பட்டுவிடும். திட்டமிடலுக்கு இவற்றை முதன்மை வழியாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. கூட்டம் எங்கே, எப்போது என்று தெரிவிக்க வாட்ஸ்அப் போதும்.

மூன்றாவது வழி, பார்ப்பதற்குப் பழையது: வரைபடத்தை அச்சிட்டுத் தரையில் விரிப்பது. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தையொட்டி, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபைக்கு இணையான ஓர் அரங்கு நகரவாசிக்கும் கிடைத்தது. அந்த அரங்கில் வார்டு வரைபடம் இல்லாவிட்டால் பேச்சு குடிநீர், குப்பை, நாய்த்தொல்லை ஆகியவற்றைத் தாண்டுவது அரிது.

சேலம் மாநகராட்சியின் பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 60. சராசரியாக ஒரு வார்டு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்; சதுரமாகக் கொண்டால் பக்கத்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். 1:500 அளவில் இதை அச்சிட்டால் எட்டடிக்கு எட்டடி ஃபிளெக்ஸ் போதும். அதில் முப்பதடி நீள வீடு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வரும். விரலை வைத்து ‘இது எங்கள் வீடு, இது மாரியம்மன் கோவில், மழை வந்தால் தண்ணீர் இந்தச் சந்து வழியாக இறங்குகிறது’ என்று காட்டிவிடலாம். அரசியல் பதாகைக்கு அச்சிடும் அதே கடையில், அதே இயந்திரத்தில் இது அச்சாகும். 1:4000 தரவை அப்படியே ஊதிப் பெருக்காமல், செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, தெருப்பெயர், கோவில், ரேஷன் கடை, பள்ளி, டீக்கடை முனை வரை தமிழில் எழுதி அச்சிட வேண்டும். சர்வே எண்ணைச் சிறிய எழுத்தில் போட்டால், மக்கள் அடையாளம் காட்டும் இடமும் அலுவலகம் அடையாளம் காணும் எண்ணும் ஒரே தாளில் சந்தித்துவிடும்.

தொழில்நுட்பம் எங்கே என்றால், அதற்கு அடுத்த கட்டத்தில். 2009இல், தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் கட்டற்ற உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ஆர்வலர்களிடையே வாக்கிங் பேப்பர்ஸ் என்ற சேவை வந்தது. பின்னர் ஃபீல்டு பேப்பர்ஸ் அதன் இடத்துக்கு வந்தது. வரைபடத்தைப் பக்கங்களாக அச்சிட்டு, ஒவ்வொரு தாளிலும் கியூஆர் குறி இடுகிறது. பேனாவால் குறித்த பிறகு தாளைப் படமெடுத்து ஏற்றினால், அது பூமியில் தனக்குரிய இடத்தில் தானே போய் உட்காருகிறது. கிழக்கில் கிறுக்கிய கோட்டை மேற்கில் ஏற்றிவிடும் தவறு இதனால் குறைகிறது. குறிப்புகளை க்யூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற வரைபட மென்பொருளில் அடுக்குகளாக்கி, இணைய வரைபடத்திலேயே வெளியிட்டுவிடலாம். இப்படிப் பார்த்தால் தாளும் திரையும் போட்டியாளர்கள் அல்ல. தாள் வாங்கும் இடம், திரை வெளியிடும் இடம்.

சபைக்கு உரிய கோளாறுகள் இதோடு தீர்ந்துவிடா. மாமன்ற உறுப்பினரின் உறவினர் ஓடையில் கட்டிய சுவரை, அவர் தலைமை தாங்கும் கூட்டத்தில் யார் விரல் வைத்துக் காட்டுவார்கள்? காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் பட்டறைக்காரரும் கூலிக்குப் போகிறவரும் வரமாட்டார்கள். ஆண்கள் வரைபடத்தைச் சுற்றி நின்றுகொண்டால் பெண்கள் பின்வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. தெருக்குழாய் எத்தனை மணிக்கு வருகிறது, எந்தச் சந்தில் விளக்கின்றி நடக்க அஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும் என்பதால் இந்த இழப்பு பெரிது. அதே பதாகையை மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் தனியாக ஒரு மாலை விரிப்பதும், பெயர் சொல்ல விரும்பாதவருக்கு இணைய வரைபடத்தின் புள்ளியைத் திறந்து வைப்பதும் பாதிக் குறையைச் சரிக்கட்டும். மீதிப் பாதி அரசியல். எந்த மென்பொருளும் அதைத் தீர்க்காது.

முப்பரிமாண நகர மாதிரியை, அதாவது டிஜிட்டல் இரட்டை என்று இப்போது அழைக்கப்படுவதை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சிங்கப்பூர் போல நாடு முழுவதற்கும் துல்லியமான நிலப்பரப்புத் தரவும் கட்டடத் தரவும் வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு அது பயன்படும். புதைவடிகால் எங்கே வளைகிறது என்பதே வயதான ஊழியரின் நினைவில் மட்டும் இருக்கும் ஊரில், அது பார்வையாளரை மயக்கும் படமாக நின்றுவிடும். மேம்பாலம் வந்தால் கடைவீதி எப்படித் தோன்றும் என்று காட்ட மட்டும் இரண்டொரு இடங்களில் பயன்படுத்தலாம்.

மலைக்குப் போனால் ஒப்பீட்டின் முடிவே மாறிவிடுகிறது. ஏற்காட்டில் காபி, சில்வர் ஓக் நிழலில் வளர்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் தெரிவது மரக்கூரை மட்டுமே. அதன் அடியில் உள்ள ஒற்றையடிப் பாதையும் ஊற்றும் தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயன் வீடுகளும் தெரியா. அடர்ந்த மரங்களுக்குக் கீழே கைபேசியின் ஜிபிஎஸ் புள்ளியும் தடுமாறும். பல கிராமங்களில் சிக்னல் போய்ப் போய் வரும். ஆகவே நகரத்தில் முதலிடத்துக்கு வாதாடக்கூடிய இணைய வரைபடம் இங்கே கடைசிக்குப் போய்விடுகிறது.

தட்டையான பதாகையும் இங்கே சற்றுத் தடுமாறும். சரிவுதான் இங்கே முதல் செய்தி. அட்டையில் செய்யும் மலை மாதிரி இதற்கு ஏற்றது. பிலிப்பைன்ஸிலும் கென்யாவிலும் மலைவாழ், வனவாழ் மக்களோடு பயன்படுத்தப்பட்ட முறை இது. 1:5000 அளவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் நிலம் ஒரு மீட்டர் சதுர மேசையில் அடங்கும். 20 மீட்டர் உயர இடைவெளிக்கு 4 மில்லிமீட்டர் அட்டை ஒன்று. 500 மீட்டர் ஏற்றத்துக்கு 25 அட்டைகள். சமஉயரக் கோடுகளை இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் உயரத் தரவிலிருந்து எடுக்கலாம். பள்ளி மாணவர்கள் வெட்டி ஒட்டலாம். ஊர்ப் பெரியவர் அட்டையைக் கையால் தடவிப் பார்த்து, ஊற்று எங்கே, மண் எங்கே சரிந்தது, மேலே புதிதாகத் தங்கும் விடுதி வந்தபின் எந்த ஓடையில் நீர் குறைந்தது என்று குண்டூசியும் நூலும் கொண்டு குறிப்பார். பிறகு இணைய இணைப்பில்லாமலே கைபேசியில் நிரப்பக்கூடிய, கோபோ போன்ற கள ஆய்வுப் படிவத்தோடு இளைஞர்கள் அந்தந்த இடத்துக்கு நடந்துபோய்ப் பதிந்து, கீழே இறங்கியதும் ஏற்றிவிடலாம். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊரில் ஒவ்வொரு கட்டுமான அனுமதிக்கும் இந்தத் தரவு கைகொடுக்கும்.

நகரத் திட்டமும் மலைத் திட்டமும் தனித்தனிக் கோப்புகளில் போவதால், சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு எந்தக் கோப்பிலும் முழுதாக இருப்பதில்லை. மலையில் பதியும் ஓடைகளும் நகரப் பதாகையில் பெண்கள் காட்டும் வெள்ளச் சந்துகளும் ஒரே இணைய வரைபடத்தில் அடுத்தடுத்து வந்தால், மேட்டில் மாறியதற்கும் பள்ளத்தில் நிற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்க முதன்முறையாக ஆதாரம் கிடைக்கும். எனக்கு இணைய வரைபடத்தின் மீதுள்ள மதிப்பு பெரும்பாலும் இதனால்தான்.

ஆக, பணம் குறைவென்றால் என் வரிசை இதுதான். 60 வார்டுக்கும் பதாகை. மலை ஊராட்சிகளுக்கு அட்டை மாதிரி. இரண்டிலிருந்தும் வரும் குறிப்புகளை ஏற்ற ஓர் எளிய இணைய வரைபடம். அதில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே ‘ஏற்கப்பட்டது’ அல்லது ‘மறுக்கப்பட்டது, காரணம் இது’ என்று தமிழில் எழுத முழுநேரமாக இரண்டு அலுவலர். செயலி வேண்டாம், முப்பரிமாணக் காட்சி பிறகு பார்க்கலாம். டெண்டரில் மென்பொருளுக்குத் தொகை ஒதுக்குவது எளிது, அந்த இரண்டு பணியிடங்களுக்கு ஒப்புதல் வாங்குவது கடினம். ஆயினும் வரைவு அறிவிப்பு அரசிதழில் வரும் முன்பே அவற்றை நிரப்பிவிட வேண்டும், ஏனெனில் இரண்டு மாத அவகாசம் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.