வண்டிக்குள் ஒரு ஃப்ரிட்ஜ்: நான்கு வருட அனுபவம்

அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த வருடம்தான் வண்டிக்கு ஃப்ரிட்ஜ் வாங்கும் எண்ணம் வந்தது. திறக்காத பென்களை (இன்சுலின் அடைத்த பேனா வடிவ ஊசிகளை) 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடாகவும் கூடாது, உறையவும் கூடாது. முதலில் சாதாரண ஐஸ் பெட்டியில்தான் எடுத்துப் போனோம். ஒரு பயணத்தில் ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்து ஒரு பென் உறைந்துவிட்டது. உறைந்த இன்சுலினைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்பதால் அதைத் தூக்கிப் போட்டோம். அப்புறம் தாமதிக்கவில்லை, 35 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கினேன்.

கம்ப்ரஸர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும், கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத் தகட்டால் குளிரவைக்கும் பெல்டியர் வகைப் பெட்டிகளால் சுற்றியுள்ள சூட்டிலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்க முடியும். மே மாத வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 50 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 30 டிகிரி. மோர் குடிக்கலாம், மருந்து வைக்க முடியாது. மின்சாரத்தையும் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸர் அப்படியில்லை. வேண்டிய குளிர் வந்ததும் நின்றுவிடும்.

முதல் பெரிய பயணம் சென்னையிலிருந்து ராமேஸ்வரம். கடைக்காரர் சொன்னபடி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினேன். பகல் முழுவதும் ஓடியது. இரவு லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, இணைப்பை எடுக்காமல் மேலே போய்ப் படுத்துவிட்டோம். காலையில் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. தூக்குவாளியில் கொண்டுவந்திருந்த தோசை மாவு பொங்கி, மூடியை நெட்டித் தள்ளிவிட்டு, பெட்டியின் அடிவரை வழிந்திருந்தது. திரையில் 19 டிகிரி, பக்கத்தில் ஒரு பிழை எண். இரவே எப்போதோ ஃப்ரிட்ஜ் நின்றிருக்கிறது. அம்மா பென்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பேட்டரி இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் சாவி போட்டதும் வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அப்படியானால் பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை. ஊர் திரும்பியதும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, ஃப்ரிட்ஜ் ஓடும்போதே இரண்டு முனையிலும் அளந்தேன். பேட்டரியில் 12.2 வோல்ட், ஃப்ரிட்ஜின் பின்னால் 10.9. நடுவில் 1.3 வோல்ட் காணாமல் போயிருந்தது!

எங்கே போனது என்று பார்த்தால் எல்லாம் வழியிலேயே. ஃப்ரிட்ஜோடு வந்த 3 மீட்டர் ஒயர் நூல் மாதிரி மெல்லிசு. வண்டிக்குள் சாக்கெட்டுக்கு வரும் ஒயரும் ஒல்லி. போதாததற்கு அந்தச் செருகியின் முனை, ஒரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒரு மணி நேரம் ஓடியபின் செருகியை உருவித் தொட்டேன், விரல் சுட்டது. முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக இளகிப் பளபளத்தது. வண்டி பேட்டரியைக் காப்பாற்ற ஃப்ரிட்ஜில் மூன்று நிலைப் பாதுகாப்பு உண்டு. எங்கள் பெட்டியில் உயர் நிலை 11.1 வோல்ட்டில் நிறுத்திவிடும். பேட்டரியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, தன் வாசலுக்கு வந்து சேர்ந்ததைத்தான் அது அளக்கிறது. நிலையைக் குறைத்து வைத்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். குறைத்தால் ஃப்ரிட்ஜ் ஓடும், ஆனால் ஒயர் சூடாவது நிற்காது. ஒயர் நல்லதாக இருந்தாலோ வண்டி பேட்டரியை அடிமட்டம்வரை உறிஞ்சிவிடும். செல்ஃப் எடுப்பதற்கென்று செய்த பேட்டரி அதைப் பலமுறை தாங்காது.

பேட்டரியிலிருந்து டிக்கிவரை தனி ஒயர் இழுத்தேன். போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர். ஒரு ஸ்கொயர் எம்எம் ஒயரில் ஃப்ரிட்ஜ் இழுக்கும் நாலரை ஆம்பியருக்கு முக்கால் வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.2 வோல்ட்தான் இழப்பு. சில நூறு ரூபாய் அதிகம், அவ்வளவுதான். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ப்யூஸ். அது ஃப்ரிட்ஜைக் காக்க அல்ல, அந்த 5 மீட்டர் ஒயர் எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் வண்டி எரியாமல் இருக்க. டிக்கிப் பக்கம் சிகரெட் செருகியை வெட்டிவிட்டு 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் (இறுகக் கவ்விப் பிடிக்கும் கனமான செருகி). மைனஸையும் பாடியில் முறுக்காமல் நேராகப் பேட்டரிக்கே கொண்டுபோனேன். (மைனஸ் முனையிலேயே பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் பொருத்தி வரும் புது வண்டிகளில் மட்டும், சென்சாரைத் தாண்டி அது பாடியில் சேரும் இடத்தில் கொடுக்க வேண்டும்.)

அந்த மைனஸ் ஒயர்தான் இரண்டாம் வருடம் எங்களைக் காப்பாற்றியது. மறுபடி ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வழி, தேவகோட்டை தாண்டி ஒரு டீக்கடை. இரவு பதினொரு மணி. டீ குடித்துவிட்டுச் சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. கடைக்காரர் எட்டிப் பார்த்து, “பேட்டரி போச்சு தம்பி, தள்ளிப் பாருங்க” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பின் சீட்டிலிருந்து மனைவி, “ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டுதான் இருக்கு, 12.3 காட்டுதே” என்றாள். திரும்பச் சாவியைத் திருகச் சொல்லி, நான் போய் அந்தத் திரையையே பார்த்தேன். டாஷ்போர்டு அணைந்தபோதும் எண் அசையவில்லை. செல்ஃப் உண்மையிலேயே கரண்ட் இழுத்தால் பேட்டரி வோல்ட்டேஜ் சட்டென்று இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, வழி அறுந்திருக்கிறது.

பிளஸ் முனை கெட்டியாக இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை எஞ்சின் மேல் இருக்கும் இரும்புக் கொக்கியிலும் வைத்துக்கொண்டு மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் 9-ஐத் தாண்டியது. எர்த்து, அதாவது பேட்டரி மைனஸுக்கும் வண்டி பாடிக்குமான இணைப்பு, போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் மைனஸ் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டைச் சுற்றிப் பச்சையாகப் பொடி. நாங்கள் இருப்பது நீலாங்கரை. கடல் காற்றும் உப்பும் வருடக்கணக்கில் அந்த லக்கை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையத்தை, தின்றிருக்கின்றன.

வண்டியில் ஜம்பர் கேபிள் இருந்தது. அதில் கறுப்பு ஒயரை மட்டும் பிரித்து, ஒரு கிளிப்பைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை அந்தக் கொக்கியிலும் மாட்டினேன். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. ஃபேன் பெல்ட் பக்கம் போய்விடாமல் கேபிளை நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, பானட்டை மூடி, காரைக்குடி வரை நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். காலையில் அங்கே ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் அந்த லக்கை வெட்டிப் போட்டு, புதுசாக அடித்து, போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, மேலே வாஸ்லின் தடவினார். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இதக் கழட்டித் தொடைங்க தம்பி, கடலோரம்னா கட்டாயம்” என்றார். அன்றிலிருந்து தவறியதில்லை.

ப்யூஸ் விஷயம் ஒன்று. சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத்தாளைச் சுற்றி ப்யூஸ் போடுபவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கைவசம் மாற்று இல்லையென்றால் மியூசிக் சிஸ்டத்துடையதையோ பின் வைப்பருடையதையோ உருவிப் போடலாம். நிறம் மட்டும் ஒத்திருக்க வேண்டும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

மூன்றாம் வருடம் ஃப்ரிட்ஜுக்கென்று இரண்டாவது பேட்டரி வைத்தேன். 100 ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது 1280 வாட் அவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, எஞ்சின் சூட்டில் அதை வைக்கவே கூடாது. டைனமோவிலிருந்து நேராக ஒயர் கொடுக்கவும் கூடாது. லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமோ காய்ந்து போகும். நடுவே கரண்டை அளவாக விடும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். மூன்று மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 60 ஆம்பியர் அவர் ஏறிவிடுகிறது. ஹம்பியில் மே மாதம் அளந்தபோது ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு 42 ஆம்பியர் அவர் எடுத்தது, வால்பாறையில் டிசம்பரில் 16. ஆகவே இரண்டு நாள் வண்டியை நகர்த்தாமல் நிறுத்தினாலும் கவலையில்லை. இந்த வேலைக்கு இன்வெர்ட்டர் வைக்காதீர்கள். 12-ஐ 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு சூடாகவே போய்விடும்.

100 வாட் சோலார் பேனலைக் கூரையில் பொருத்தாமல் மடக்கும் வகையாக வாங்கியது நல்லதாகப் போயிற்று. வண்டி புளியமர நிழலில், பேனல் மட்டும் வெயிலில். ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை சோலார் தருவதைவிட நிழல் தருவது அதிகம் என்பது என் கணக்கு.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரண்டில் குளிரவைத்து, உள்ளே போவதையும் குளிரவைத்துத்தான் ஏற்றுகிறோம். பக்கவாட்டுக் காற்றுத் துளைகளைப் பெட்டி படுக்கைகள் அடைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். திரையில் 4 டிகிரி என்றிருந்தாலும் சுவரை ஒட்டிய இடத்தில் உறைநிலை வந்துவிடுகிறது. அதனால் பென்கள் மேல்கூடையின் நடுவில், துணிப்பையில், பக்கத்தில் தனித் தெர்மாமீட்டரோடு. கூடவே ஒரு தெர்மாஸ் குடுவையும் எப்போதும் வரும், ஃப்ரிட்ஜ் நின்றால் பென்கள் அதற்குள் போகும்.

நான்கு வருடத்தில் கம்ப்ரஸர் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. மூடியின் ரப்பர் மட்டும் ஒரு மூலையில் விறைத்து, சென்னை ஈரக்காற்றை உள்ளே விட்டுத் தண்ணீர் கோத்தது. புதுப்பேட்டையில் கார் கதவு ரப்பர் ஒரு மீட்டர் வாங்கி வெட்டி ஒட்டியிருக்கிறேன். எட்டு மாதமாக நிற்கிறது. தோசை மாவு இப்போதும் வருகிறது, பூட்டு வைத்த எவர்சில்வர் டப்பாவில்.