ஐயத்தில் பிறந்த வெப்பக் கணக்கு: பெர்க்லி எர்த் தரவுச் சேவை

புவி வெப்பமடைகிறதா என்ற வாதத்தில் இறங்கிய எவரும், பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் அது வெப்பநிலைமானியின் முன் வந்து நிற்பதைக் கண்டிருப்பர். அளவீட்டு நிலையங்கள் நகரத்துச் சூட்டுக்குள் சிக்கிக்கொண்டன, ஆய்வாளர்கள் தமக்குத் தோதான நிலையங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள், பழைய அளவீடுகளைத் திருத்தி எழுதினார்கள் என்பவை அங்கே வழக்கமாக எழும் மறுப்புகள். இவற்றைக் கேட்டுப் பேசாதிருக்கவும் மனமில்லாமல், அறிஞர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்டவும் மனமில்லாமல் இருப்பவர் தாமே எண்களைப் புரட்டிப் பார்க்கக் கிடைக்கும் சேவைகளுள், பெர்க்லி எர்த் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் வெப்பநிலைத் தரவுத் தொகுப்பே சிறந்தது என்பது என் மதிப்பீடு. கட்டணமின்றித் தரவிறக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தச் சற்றுப் பொறுமை வேண்டும்.

இதன் பிறப்பே ஐயத்தில்தான். 2009 நவம்பரில், கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், உலக வெப்பநிலைக் கணக்குகளுள் ஒன்றைத் தயாரித்துவந்த, இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வுப் பிரிவின் மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு வெளியாயின. பின்னர் நடந்த விசாரணைகள் தரவு மோசடி ஏதும் நடக்கவில்லை என்று கூறின. ஆயினும் தரவுகளைப் பிறரோடு பகிர்வதில் அந்த ஆய்வாளர்கள் போதிய வெளிப்படைத்தன்மை காட்டவில்லை என்று கண்டிக்கவும் செய்தன. முதல் பாதியை எவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே, வெப்பநிலைக் கணக்குகள்மீது தமக்கிருந்த ஐயங்களை வெளிப்படையாகப் பேசிவந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், தம் மகள் எலிசபெத் முல்லருடன் இந்த முயற்சியைத் தொடங்கினார். நிதி தந்தவர்களுள் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. அது கொடுத்தது 1,50,000 டாலர். காலநிலை ஆய்வை மறுக்கும் அமைப்புகளுக்குக் கோக் குடும்பத்துப் பணம் சென்றுவந்ததால், எந்தத் தரப்பார் இந்த முயற்சியை முதலில் சந்தேகிப்பது என்பதே அன்று வேடிக்கையான கேள்வியாக இருந்தது.

முல்லர் குழு 39,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைத் திரட்டியது. நிலையம் இடம் மாறினாலோ கருவி மாற்றப்பட்டாலோ பதிவில் திடீர்த் தாவல் ஒன்று விழும்; மற்றக் குழுக்கள் அந்தத் தாவலை மதிப்பிட்டுச் சரிசெய்து, பதிவைத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்ளும். பெர்க்லி குழுவோ பதிவை அந்த இடத்தில் வெட்டி, இரு துண்டுகளையும் இரு வெவ்வேறு நிலையங்களாகவே எடுத்துக்கொள்கிறது. பிறகு, சுரங்கத் துறையில் தாது எங்கே எவ்வளவு இருக்கும் என்று கணிக்க உருவான கிரிகிங் என்னும் புள்ளியியல் முறையைக் கொண்டு, துண்டுகளை எல்லாம் சேர்த்து வெப்பநிலைப் பரப்பை அமைக்கிறது. அதனால் ஓராண்டு மட்டும் இயங்கிய நிலையத்தின் பதிவுகூட வீணாவதில்லை. பொறுக்கி எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதிலை நான் கண்டதில்லை.

2011 அக்டோபரில் வெளிவந்த முதல் முடிவுகள், முல்லர் ஐயுற்ற பழைய கணக்குகளோடு பெரிதும் ஒத்துப்போயின. நகரங்கள் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும் நகர வெப்பத் தீவின் விளைவு உலகச் சராசரியில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. 2012-இல் முல்லர், தாம் மனம் மாறிவிட்டதாகவும், 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்திருப்பதாகவும், அதற்கு ஏறக்குறைய முழுக் காரணம் மனிதரே என்றும் எழுதினார். அந்தக் கடைசி முடிவு மிக எளிய ஒப்பீட்டின்மேல் நிற்கிறது என்று காலநிலை அறிஞர்களிலேயே சிலர் குறைகூறினர். அந்தக் குறையில் நியாயம் உண்டென்றே எனக்கும் தோன்றுகிறது.

ஐயவாதிகளின் எதிர்வினைதான் இங்கே கவனிக்கத்தக்கது. அவர்களுள் செல்வாக்கு மிக்கவரும் முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளருமான அந்தனி வாட்ஸ், 2011 மார்ச்சில், முடிவு தம் கருத்துக்கு எதிராக வந்தாலும் ஏற்கத் தயார் என்று அறிவித்திருந்தார். முடிவு எதிராகவே வந்தது. அப்போது அவர், ஆய்வு சக அறிஞர்களின் மதிப்பாய்வைப் பெறுவதற்கு முன்பே வெளியிடப்பட்டது என்று மறுப்புத் தெரிவித்தார். கட்டுரைகள் பின்னர் புதிதாகத் தொடங்கிய ஓர் ஆய்விதழில் வெளியானபோது, இதழின் தரம் கேலிக்கு உள்ளானது. ஒரு தரவுத் தொகுப்பால் பொது விவாதத்தை முடித்துவைக்க இயலும் என்று நம்பியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கும். எனினும் இதைச் சேவையின் குறையாக நான் கணக்கில் எடுக்கவில்லை; வாதம் எண்களைப் பற்றியதாக இருக்கும் வரையில்தான் எண்களால் எதையும் செய்ய முடியும்.

எண்களைப் பற்றிய வாதமாகவே இருந்தால் இது எவ்வளவு பயன்படும் என்பதை அறிய, 1998-க்குப் பிறகு வெப்பமடைதல் நின்றுவிட்டது என்னும் பழைய கூற்றை எடுத்துக்கொண்டேன். நிலமும் கடலும் சேர்ந்த உலகச் சராசரிக் கோப்பு 1850-இலிருந்து மாதவாரியாக இருக்கிறது. எண்கள் 1951 முதல் 1980 வரையிலான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதையே காட்டுகின்றன. பசிபிக் கடற்பரப்பு இயல்பைவிடச் சூடாகும் எல் நினோ வலுவாக இருந்ததால் 1998 ஒரு கூர்முனையாக எழுந்து நிற்பதும், அந்த முனையிலிருந்து கோடு வரையத் தொடங்கினால் அடுத்த பத்தாண்டு ஏறத்தாழத் தட்டையாகத் தெரிவதும் உண்மை. அதே கோட்டை ஈராண்டு முன்னோ பின்னோ தொடங்கினால் அந்தத் தட்டை கலைகிறது. 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் 1998-ஐத் தாண்டியே இருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்த இந்தச் சோதனை எனக்குக் கொடுத்த தெளிவைப் பல கட்டுரைகள் கொடுத்ததில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே உரைக்கோப்பில் இரு அட்டவணைகள் அடுத்தடுத்து வருகின்றன: கடல் பனி மூடிய பகுதிகளுக்குக் காற்றின் வெப்பநிலையைக் கொண்டு கணக்கிட்டது ஒன்று, பனிக்கு அடியிலுள்ள நீரின் வெப்பநிலையைக் கொண்டு கணக்கிட்டது மற்றொன்று. அறியாமல் கோப்பு முழுவதையும் விரிதாளில் ஏற்றினால் வரைபடத்தில் 1850 இரண்டு முறை வரும். ஆண்டுச் சராசரி டிசம்பர் வரியில் அல்லாமல் ஆண்டின் நடுவே எழுதப்பட்டிருப்பதும் புதியவரைக் குழப்பும். விளக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. தனி நகரத்துக்குக் காட்டப்படும் வரைபடம் அந்நகரத்து வெப்பநிலைமானியின் பதிவு அல்ல, சுற்றுவட்டார நிலையங்களிலிருந்து கணிக்கப்பட்டது என்பதை இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். இதை அறியாதவர் தம் ஊர்ப் பதிவோடு ஒப்பிட்டு, மோசடி என்று முடிவுகட்ட இடமிருக்கிறது.

திருத்தங்கள் பற்றிய ஐயத்துக்கு இந்தத் தொகுப்பு மட்டும் போதாது. முற்காலத்தில் கப்பல்களில் வாளியால் கடல்நீரை முகந்து வெப்பம் பார்த்தபோது, நீர் ஆவியாகிக் குளிர்ந்ததால் அளவு குறைந்து பதிவானது. அதைச் சரிசெய்யும்போது பழைய எண்கள் உயர்வதால், உலக அளவில் மொத்தத் திருத்தங்களின் விளைவு நீண்டகால வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகிறது. கடற்பகுதிக்குப் பெர்க்லி எர்த் பிரிட்டன் வானிலைத் துறையின் தொகுப்பையே அடிப்படையாகக் கொள்வதால், இந்தக் கதையை அங்கே சென்றுதான் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால் 2023-இல் உலகம் 1.54 டிகிரி மிகுதியாக வெப்பமடைந்திருந்தது என்பது பெர்க்லியின் கணக்கு. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவையின் கணக்கில் அது 1.48. பழைய காலத்துப் பதிவுகள் அரிதாக இருப்பதால் தொடக்க அளவை ஒவ்வொரு குழுவும் சற்று வெவ்வேறாக மதிப்பிடுவதே இந்த வேறுபாட்டுக்குப் பெருங்காரணம். எனவே பெர்க்லியின் கோப்பைத் திறக்கும்போது பக்கத்திலேயே வேறொரு தொகுப்பின் கோப்பையும் திறந்து வைத்து, இரண்டும் 1970-க்குப் பின் எவ்வளவு நெருக்கமாகச் செல்கின்றன, 1880-க்கு முன் எவ்வளவு விலகுகின்றன என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.