மழை விட்ட பிறகு விழும் டிரிப்பர்: 30 எம்ஏ ஆர்சிசிபி, பல மழைக்காலங்களுக்குப் பின்

கிருஷ்ணகிரியில் வீடு கட்டும் நண்பர் கேட்டார்: "வயரிங் ஓடுது, டிரிப்பர் ஒண்ணு போட்டா போதுமா, இல்ல வயர்மேன் சொல்ற மாதிரி அது தொல்லைதானா?" வயர்மேன் சொல்வது பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

பேசப்போவது டிரிப்பர் என்று எல்லாரும் போடும் சாதாரண ஆர்சிசிபி: டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் (எம்ஏ), ஐஎஸ் 12640 முத்திரை. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால், அதாவது எங்கோ கசிந்தால், லீவர் விழுந்து கரண்டை வெட்டும். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு எம்சிபி தனியாக வேண்டும். இது தெரிந்தவர்களுக்கே மேற்கொண்டு.

எரிச்சலை முதலில் சொல்லிவிடலாம். இது மழை பெய்யும்போது விழாது. மழை விட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்து, எல்லாரும் படுத்த பிறகு விழும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு விழுந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். சாதாரண செப்டம்பர் மாலை மழைக்கும் இதே கதை. ஏற்றினால் நிற்காது. மறுநாள் வெயில் ஏறி மதியம் ஆனால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். வயர்மேன் வருவது அப்போதுதான். "நல்லாத்தானே இருக்கு, பொருள்தான் மட்டம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பொருள் மட்டமில்லை. மொட்டை மாடியில் சுருக்கித் தளமும் (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும்) அதன் மேல் தட்டோடும் இருந்தால், ஓட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீரைச் சுருக்கி பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். அது ஊறி கான்கிரீட்டின் விரிசலுக்கு வர நேரமாகும். அதுதான் அந்த மூன்று மணி நேரம். கான்கிரீட்டுக்குள் தண்ணீருக்கு வசதியான வழி வயரிங் பைப். பைப் இணைப்பில் பசை சரியாக ஒட்டாத இடத்தில் நுழைந்து, சரிவான பக்கம் ஓடி, கடைசியில் ஃபேன் பாக்ஸிலோ சுவிட்ச் போர்டிலோ நிற்கும். ஆகவே கசிகிற இடம் வேறு, டிரிப் ஆகிற இடம் வேறு. ஹால் ஃபேன் பாக்ஸ் நனைந்தால் ஹாலுக்கு மேலே தட்டோட்டைப் பெயர்க்கக் கூடாது. பைப் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்த வரிசை முழுக்கப் பார்க்க வேண்டும். முக்கியமாக மழைநீர்க் குழாய் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, டேங்க் தூண் கால். பத்தில் எட்டு வீட்டில் தப்பு இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

இன்னொன்று. நல்ல பிவிசி ஒயர் நனைந்த உடனே கரண்டை விடாது. விடுவது ஜாயின்ட். ஃபேன் பாக்ஸுக்குள் இரண்டு ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள். சில வருடத்தில் டேப்பின் பசை உருகிக் கழன்றிருக்கும். அந்த இடத்தில் தண்ணீர் பட்டு, துருப்பிடித்த மெட்டல் பாக்ஸ் வழியாக எர்த்துக்குப் போகிறது. டிரிப் ஆனதும் மொட்டை மாடிக்கு ஓடுவதற்கு முன்னால் அந்தச் சர்க்யூட்டின் ஜாயின்ட்டுகளைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினால் நிற்கும். டேப் மேல் டேப் சுற்றுவது ஒரு மழைக்குத்தான். நனைந்த சர்க்யூட்டை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) 1 மெகா ஓமுக்கு மேல் காட்டினால் மட்டும் திரும்பச் சேர்க்கலாம். மெகர் போடும்முன் எல்இடி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அவை போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் ஊறும் பைப்பை மறந்துவிட்டு, அந்தப் பாயின்ட்டுக்குச் சுவரோரமாக கேசிங் பட்டியில் புது ஒயர் இழுப்பது மலிவு.

எந்தச் சர்க்யூட் என்று கண்டுபிடிக்க எல்லாருக்கும் தெரிந்த வழி: எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாக ஏற்றுவது. எதை ஏற்றும்போது விழுகிறதோ அதில் பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடி பார்ப்பது. அப்போதும் விழுந்தால் வயரிங், விழாவிட்டால் ஏதோ ஒரு கருவி. ஆனால் மழைக்காலத்தில் இந்த வழி பாதி நேரம் கைவிடும். எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்காது, அல்லது பக்கத்து அறை லைட்டைப் போட்டால் விழும். காரணம், வீட்டு எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரலை வெட்டுவதில்லை. நனைந்த பாக்ஸில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருந்தால் எந்த எம்சிபியை இறக்கியும் பயனில்லை. மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரல் லிங்க்கில் (எல்லா நியூட்ரலும் சேரும் பட்டை) இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் மெயினை ஏற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினால் நிற்கிறதோ அதுதான் ஆள். இதற்காகவே வயரிங் நடக்கும்போது நியூட்ரல் ஒயர்களுக்கு எம்சிபி வரிசை எண் எழுதிய ஸ்லீவ் மாட்டச் சொல்லுங்கள். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. மாட்டாத வீட்டில் ஒரு ராத்திரி போகும்.

புது வீட்டில் முதல் நாளே விழுந்தால் மழையைத் திட்ட வேண்டாம். மாடிப்படி டூவே சுவிட்சுக்கு மேல்மாடி நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள், அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலையும் ஈபி நியூட்ரலையும் ஒரே லிங்க்கில் கட்டியிருப்பார்கள். பேஸ் ஒரு வழி, நியூட்ரல் இன்னொரு வழி என்றால் சமம் எப்படி வரும்?

இங்கேதான் கோபம் வருகிறது. இந்தத் தேடலுக்குப் பொறுமை இல்லாதவர்கள் சொல்லும் வைத்தியம் இரண்டு. ஒன்று, ஆர்சிசிபியின் உள்ளும் வெளியும் ஒயரை நேராகச் சேர்த்துவிடுவது; லீவர் ஏறியே இருக்கும், வீட்டுக்காரர் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். மற்றது, "100 எம்ஏ போட்டுடுங்க, விழாது". விழாதுதான். 100, 300 எம்ஏ தீ விபத்துக்கான காவல். 230 வோல்ட்டில் 300 எம்ஏ ஒரே இடத்தில் கசிந்தால் கிட்டத்தட்ட 70 வாட் சூடு, மரப்பலகையைக் கருக்க அது போதும். ஆனால் மனிதன் தொட்டால் காப்பாற்றுவது 30 எம்ஏ மட்டும். 100 எம்ஏ-வை 30 எம்ஏ-வுக்கு மேலே, தாமதமாக விழும் எஸ் வகையாக, கூடுதலாக வைக்கலாம். அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது.

நம் பக்கத்துக்கு இது ஏன் மற்ற ஊர்களைவிட அவசியம் என்பதற்கு நிலமே காரணம். பர்கூர் பக்கமோ பென்னாகரம் பக்கமோ இரண்டு அடி தோண்டினால் பாறை. எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டினாலும் கோடையில் 20 ஓம் வந்தாலே பெரிது. கிரைண்டர் பாடியில் பேஸ் தொட்டுவிட்டது என்று வையுங்கள்: 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது; கிரைண்டர் பாடி கரண்டோடு நிற்கும். ஆர்சிசிபிக்கு 0.03 ஆம்பியர் போதும். எர்த் மோசமான ஊரில் எம்சிபியை நம்பி எர்த் அடிப்பது பாதி வேலை.

தண்ணீரும் அப்படித்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த வீட்டிலும் குளிக்கப் போர் தண்ணீர்தான். அந்த உப்பு கீசர் எலிமென்ட்டில் வெள்ளையாகப் படிந்து, சூடு வெளியேறாமல் உறை வெடிக்கும். கீசரை ஆன் செய்த சில நிமிடத்தில் டிரிப் ஆனால் நேராக எலிமென்ட்டைக் கழற்றிப் பாருங்கள். வருடத்துக்கொரு முறை உப்பைச் சுரண்டி, மெக்னீசியம் ராடையும் பார்த்து மாற்றினால் இது வராது. எதிர்பாராத நல்லது ஒன்றும் உண்டு: குளியலறைச் சுவருக்குள் பைப் கசிந்தால், பெயின்ட் உப்புவதற்கு முன்பே பின்பக்க சுவிட்ச் போர்டு ஓதமாகி ஆர்சிசிபி விழுந்து காட்டிக்கொடுக்கும். ஓதக் கண்டுபிடிப்பானாக இதற்கு இணை கிடையாது.

அடுத்த குறை, நிலையான கசிவு. கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி ஒவ்வொன்றும் உள்ளிருக்கும் மின் இரைச்சல் ஃபில்டர் வழியாக ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், அது பழுதில்லை. 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எங்கும் விழ விதி அனுமதிக்கிறது. முழு வீடும் ஒரே ஆர்சிசிபியில் இருந்து, எப்போதும் 10 எம்ஏ ஓடிக்கொண்டிருந்தால், ஓதத்துக்கு மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான். 9 எம்ஏ-வைத் தாண்டினால் வீட்டை இரண்டு மூன்று ஆர்சிசிபிகளாகப் பிரித்துவிடுவது நல்லது. லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் உள்ள வயர்மேன் ஐந்து நிமிடத்தில் அளப்பார். சித்திரை கோடை இடிக்கும் பிரிப்பதுதான் பதில்: எல்லாம் ஒன்றிலேயே இருந்தால் இடி சர்ஜில் அது விழும், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் பிரிட்ஜில் உள்ளது அத்தனையும் நாறிப்போகும்.

தீ விஷயத்தில் இதன் மேல் அதிக நம்பிக்கை வேண்டாம். பிளக் பாயின்ட்டில் லூசான திருகு, ஈபி அலுமினிய ஒயரும் காப்பர் ஒயரும் நேராக முறுக்கிய இணைப்பு, 1 ஸ்கொயர் (மெல்லிய) ஒயரில் கீசர்: இவையெல்லாம் எர்த்துக்குக் கசியாமலே எரியும். ஆர்சிசிபி வேடிக்கை பார்க்கும். தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் பக்கம் ஏறினாலும் இதற்குத் தெரியாது. வருடம் ஒரு முறை மெயினை இறக்கி டிபி பெட்டியின் (எம்சிபி, ஆர்சிசிபி இருக்கும் பெட்டி) திருகுகளை முறுக்குவதற்கு மாற்று இல்லை. ஆர்சிசிபியில் உள்ள டி (டெஸ்ட்) பட்டனை மாதம் ஒரு முறை அமுக்குங்கள். அமுக்காத ஆர்சிசிபி உள்ளே இறுகிப்போகும். அந்தப் பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

மதிப்பெண் 5-க்கு 2. காரணமில்லாமல் விழுந்தது என்று இடி நாட்களைத் தவிர ஒரு தடவையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு ஜாயின்ட் நனைந்துதான் இருந்தது. இருந்தாலும் 2தான். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு நியூட்ரல் லிங்க் முன்னால் நிற்கிறவனிடம் 4 எதிர்பார்க்கக் கூடாது. கழற்றும் யோசனையும் இல்லை.

நண்பருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு: கீழ்த்தளம் ஒன்று, மேல்மாடி ஒன்று, ஈரம் படும் லைன் ஒன்று (கீசர், போர் மோட்டார், கேட் லைட்), மூன்றும் 30 எம்ஏ, ஏ வகை (எலக்ட்ரானிக் கருவிகளின் கசிவையும் உணர்வது). பிரிட்ஜுக்கு ஆர்சிசிபிகளுக்கு முன்னாலிருந்தே எடுத்த தனி லைனில் 16 ஆம்பியர் ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது). டிபி பெட்டி நான்கு மாட்யூலாவது காலியாக இருக்கும் சைஸ். மூன்றுக்கும் தனித்தனி நியூட்ரல் லிங்க். கேட் லைட் பாக்ஸுக்கு ஒயர் கீழ்ப்பக்கமிருந்து நுழைய வேண்டும், அடியில் ஒரு சிறு துளை. கடைக்காரர் 100 எம்ஏ எடுத்து நீட்டினால் வேறு கடை பார்க்கவும்.