குட்டி டாய்லெட்டில் வாஷ்பேசின்: தண்ணீர் எந்த வழியாக வெளியேறட்டும்?

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் டாய்லெட்டில் கை கழுவ ஒரு பேசின் வேண்டும் என்றதும் எல்லோரும் பேசினைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது கழிவுநீர் போகும் வழியை. அது முடிவானால் பேசினுக்கான இடம் தானாகவே முடிவாகிவிடும்.

அறைக்கு வெளிச்சுவர் இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம். சுவரைத் துளைத்து, 32 மி.மீ. குழாயை வெளியே உள்ள கல்லி டிராப்பில் (கழிவுநீரை வாங்கிச் சாக்கடைக்கு அனுப்பும், நாற்றம் தடுக்க உள்ளே நீர் நிற்கும் சிறு தொட்டி) விட்டுவிடலாம். தரையை உடைக்கிற வேலை இல்லை. அடைத்துக்கொண்டால் வெளியே நின்றே குத்திவிடலாம். துளை மட்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். இல்லையென்றால் மழைநீர் உள்ளே வந்துவிடும்.

வெளிச்சுவர் இல்லையா? அப்போது டாய்லெட்டின் 110 மி.மீ. ஸாயில் பைப்பில்தான் (மலக்கழிவு போகும் பெரிய குழாய்) சேர்க்க வேண்டும். தூரம் குறைவு, எல்லாம் மறைவாகவும் இருக்கும். ஆனால் தவறாகச் செய்தால் நாற்றம் நிச்சயம். ஃப்ளஷ் செய்யும்போது வேகமாக இறங்கும் நீர், பின்னால் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பேசினுக்கு அடியில் உள்ள வளைந்த டிராப்பில் நாற்றத்தைத் தடுக்க நிற்கும் நீரும் அந்த இழுப்பில் போய்விட்டால், சாக்கடைக் காற்றுக்குக் கதவு திறந்த மாதிரிதான். அதனால் 75 மி.மீ. நீர் நிற்கும் ஆழமான டிராப் வாங்குங்கள். டாய்லெட்டின் கிளைக்குழாய் ஸாயில் பைப்பில் சேரும் இடத்துக்கு நேர் எதிரே, கொஞ்சம் கீழே இணைப்புக் கொடுக்காதீர்கள். ஃப்ளஷ் நீர் பேசின் குழாய்க்குள் ஏறிவிடும்.

எந்த வழியானாலும் சரிவு மீட்டருக்கு 20 மி.மீ. அளவில் இருக்கட்டும். குழாய் ஒன்றே முக்கால் மீட்டருக்கு மேல் நீண்டால் 40 மி.மீ.க்கு மாறுவது நல்லது. ஒல்லிக் குழாயில் நீர் குழாய் முழுக்க நிறைந்து ஓடி, தன் டிராப்பைத் தானே உறிஞ்சிவிடும்.

மூன்றாவது, ஃப்ளஷ் டேங்க் மூடிமேலேயே பேசின் உள்ள வகை. கை கழுவிய நீரே டேங்கை நிரப்பும், தனிக் கழிவுக்குழாயே வேண்டாம். கேட்க அருமைதான். ஆனால் பெரும்பாலான மாடல்களில் டேங்க் நிரம்பும் வரைதான் நீர் வரும். அதற்குள் சோப்பைக் கழுவி முடிக்க வேண்டும். கை நீட்டுவதற்கும் டாய்லெட்டைத் தாண்டிக் குனிய வேண்டும். இடமே இல்லை என்றால் மட்டும் இதை எடுப்பேன்.

தண்ணீர் கொண்டுவருவது சுலபம்: ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் லைனில் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு), பேசினுக்குத் தனி ஆங்கிள் காக் (நீரை நிறுத்தும் சிறு வால்வு). டேங்க் நிரம்பும்போது பேசினில் வேகம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ஆனால் டேங்குக்கு மழைநீரோ மறுசுழற்சி நீரோ வருகிறதென்றால் அதிலிருந்து எடுக்கவே கூடாது, புது லைன்தான் இழுக்க வேண்டும்.

அப்புறம் பேசின். மூலையில் மாட்டும் சின்னதே என் தேர்வு. வாங்கும் முன் அட்டையை அதே அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, கதவைத் திறந்து மூடி, உள்ளே உட்கார்ந்தும் பாருங்கள். முழங்கால் இடித்தால் இன்னும் சின்னதாகத் தேடுங்கள்.