1969 கமாரோவில் கவுல் பானட்: மாட்டிய பிறகு வரும் கோடையும் மழையும்

முன் கண்ணாடியின் அடியில் (கவுல்) தேங்கும் வெளிக்காற்றை இன்ஜினுக்கு இழுத்துக் கொடுக்கும் கவுல் பானட்டுக்குச் செலவு செய்துவிட்டு, அதற்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவே உட்கார வேண்டிய ரப்பர் வளையத்தை மறந்துவிட்ட கமாரோக்கள் நிறைய ஓடுகின்றன. வளையம் இல்லையென்றால் 2 இன்ச் உயர்ந்த பானட் வெறும் அலங்காரம்தான். உள்ளே இன்ஜின் குடிப்பது அதே பழைய வெந்த காற்று.

ஷெவ்ரலே 1969இல் இசட்.எல்.2 என்ற குறியீட்டில் இந்த பானட்டைக் கொடுத்தது. 427 கன இன்ச் அலுமினிய இன்ஜின் வைத்து மொத்தம் 69 மட்டுமே செய்த இசட்.எல்.1 கார்களிலும் இதுதான். பானட் மேல் காற்று பிடிக்கும் மற்ற மேடுகள் (ஸ்கூப்கள்) எதிர்க்காற்றைப் பார்த்து வாய் திறந்திருக்க, இது முதுகைக் காட்டிக்கொண்டு முன் கண்ணாடியைப் பார்த்துத் திறக்கும். பானட் மேல் வழுக்கி வரும் காற்று கண்ணாடியின் அடியில் முட்டித் தேங்குகிறது, அங்கே அழுத்தம் கொஞ்சம் கூடுகிறது, அதை உறிஞ்சிக்கொள்ளலாம் என்பது யோசனை. கம்பெனிக் காரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால்தான் சோலனாய்டு (மின்காந்த விசை) உள்ளிருக்கும் கதவைத் திறக்கும். இன்று கிடைக்கும் நகல் பானட்கள் பலவற்றில் கதவே கிடையாது, எப்போதும் திறந்த வாய்தான். கீழே வரும் மழைத் தொல்லையெல்லாம் அதனால் வருவது.

அழுத்தத்தை நம்பி இதை வாங்க வேண்டாம். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் எதிர்க்காற்று முழுவதையும் பிடித்தாலும் கிடைப்பது அரை கிலோபாஸ்கலுக்கும் குறைவு, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. 160இல் போனாலும் சுமார் 1.2 சதவீதம். லாபம் வெப்பநிலையில் இருக்கிறது. வெளியே 35 டிகிரி செல்சியஸ் என்றால் மூடிய பானட்டுக்குள் நெரிசலில் 65, 70ஐ எளிதாகத் தொடும். அந்த இரண்டு காற்றுக்கும் அடர்த்தியில் ஏறக்குறைய 10 சதவீதம் வித்தியாசம். ஓட்டும்போது உண்மையில் கைக்கு வரும் சக்தி அதில் பாதிக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் முன்பு திறந்த வட்ட ஃபில்டர் வைத்து இன்ஜின் அறைக் காற்றையே இழுத்துக்கொண்டிருந்த காரில்தான். ஏற்கெனவே முன்பக்கத்திலிருந்து குழாய் வழியாகக் குளிர்ந்த காற்று வரும் காரில் வித்தியாசம் தேடினால்தான் கிடைக்கும்.

பொருத்துவதில் முதல் வேலை அளவெடுப்பது. ஏர் ஃபில்டர் மூடியின் மேல் விங் நட் (அதை இறுக்கும் சிறகு நட்), அதன் பக்கத்தில் நான்கு இடம் என்று குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் வெட்டி உயரம் பாருங்கள். குறைந்தது முக்கால் இன்ச் வேண்டும். அதற்கு இரண்டு காரணம். மூடிக்கு மேலே அந்த அளவு இடைவெளி இல்லாவிட்டால் காற்று ஃபில்டருக்குள் இறங்கவே திணறும். இன்னொன்று, ரேஸ் கொடுக்கும்போது இன்ஜின் அதன் மௌண்டில் (அதைத் தாங்கும் ரப்பர் பிடியில்) முறுக்கித் தூக்கும். பழைய கார்களில் இது சாதாரண விஷயமல்ல: ரப்பர் பிய்ந்த மௌண்டுகளுக்காக 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது, முதல் தலைமுறை கமாரோவும் அதில் உண்டு. ஆகவே பானட் வாங்கும் முன்பே மௌண்டுகளைப் பார்த்துவிடுங்கள். ரப்பர் விட்டாலும் பிரியாதபடி இரும்போடு இரும்பு கோத்த வகை இப்போது கிடைக்கிறது, அதையே போடுங்கள்.

14 இன்ச் அகலம், 3 இன்ச் உயரமுள்ள ஃபில்டர் 2 இன்ச் பானட்டுக்குப் பொதுவாகச் சரியாக வரும். இடம் போதாமல் ஃபில்டருக்குப் பள்ளமான அடித்தட்டு போட்டால், ஸ்மால் பிளாக்கில் (ஷெவ்ரலேயின் சிறிய வி8 இன்ஜினில்) பின்னால் நிற்கும் எச்.இ.ஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டரின் பெரிய மூடியில் அது இடிக்கலாம். கையால் மூடியைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இனி வளையம். அது உட்காரும் தட்டு ஃபில்டரைவிடச் சுற்றிலும் 1 இன்ச்சாவது அகலமாக இருக்க வேண்டும். பானட்டின் உள்தகடு சில நகல்களில் வெட்டாமலே வரும். ஜிக்சாவால் வெட்டும்போது குறுக்கே ஓடும் பலப்பட்டைகளில் கை வைக்கக் கூடாது, வைத்தால் நெடுஞ்சாலையில் பானட் நடுங்கும். வளையத்துக்கு நீர் ஏறாத மூடிய நுண்ணறை ரப்பர் நுரைதான் வேண்டும். ஸ்பாஞ்ச் போல ஊறும் நுரை மழை நீரையும் பெட்ரோலையும் சேர்த்துக் குடிக்கும், கார்புரேட்டர் ஒருமுறை பின்னடித்துத் தீ கக்கினால் அது திரி ஆகிவிடும். உயரம், இடைவெளியைவிடக் கால் இன்ச் கூடுதலாக இருந்தால் போதும். அரை இன்ச்சுக்கு மேல் நசுங்கினால் பானட்டின் பின் மூலைகள் தூக்கும், அடித்தட்டு வளைந்து கார்புரேட்டர் வாயில் கசியும். சோதனை எளிது: பானட்டின் அடியில் வளையம் தொடும் விளிம்பில் சாக் பொடி தடவி மூடித் திறந்தால் வளையத்தில் வெள்ளைக் கோடு முழு வட்டமாக விழ வேண்டும். ஒரு விரல் அகலம் விட்டிருந்தாலும் இன்ஜின் அங்கிருந்துதான் இழுக்கும்.

பானட்டைக் கழற்றும்போது கீல்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, மட்கார்டு மூலைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு பேராக நில்லுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது கண்ணுக்கு ஆபத்து. பானட்டைப் பாதி இறக்கினால் ஸ்பிரிங் விரியும். சுருள்களுக்கிடையே வாஷர்களைச் செருகி மீண்டும் முழுசாகத் தூக்கினால் தளர்ந்து கையோடு வரும். ஃபைபர் பானட்டுக்கு அதே பழைய ஸ்பிரிங்கைப் போடக் கூடாது. இரும்பின் எடைக்கான இழுவை அது, மூடும்போது ஃபைபர் கீலுக்கு முன்னால் வளைந்து ஓரிரு வருடத்தில் பெயின்டில் முடி போன்ற கோடு விழும். இலகு ஸ்பிரிங்கும் முன்பக்கம் பானட்டைப் பூட்டும் இரண்டு பின்களும் அவசியம். இரும்பு பானட்டிலும் கீல் காய்ந்துபோனால் அதே இடத்தில்தான் மடியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

கார்புரேட்டரை மறக்கக் கூடாது. அடர்ந்த காற்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைபடும். ஹோலி கார்புரேட்டராக இருந்தால் மெயின் ஜெட்டை (பெட்ரோல் அளந்து விடும் துளையை) ஒரு எண் ஏற்றிப் பாருங்கள். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் முழு மிதிப்பில் 12.5 முதல் 12.8 வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வளையம் பிய்ந்து மறுபடி வெந்த காற்று வரும் நாளில் அதே ஜெட் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். காரணம் தெரியாமல் பிளக் கறுத்தால் ஜெட்டைத் தொடும் முன் வளையத்தைப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

கோடையில் இந்த அமைப்பு நன்றாகவே நடந்துகொள்ளும்: நாக்கிங் குறையும், மத்தியான வெயிலிலும் மேட்டில் இழுவை சோராது. சிக்னலில் நெடுநேரம் நின்றால் மட்டும் தட்டும் சூடாகும், நகர்ந்து ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். மழையில் ஓடும்போது பெரிதாகத் தண்ணீர் வராது. நிறுத்தி வைத்திருக்கும்போதும், ஹோஸ் பைப்பால் கழுவும்போதும்தான் வரும். தட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் கால் இன்ச் துளை இரண்டு போட்டு, நீர் வெளியேற மட்டும் திறக்கும் சிறிய ரப்பர் மூக்கு மாட்டுங்கள். காகித ஃபில்டர் ஒருமுறை ஊறினால் காய வைத்துப் போடாமல் மாற்றிவிடுவதே சரி. குளிர்காலம் வேறு கதை. 5, 10 டிகிரியில் ஈரப்பதமான காலையில் கார்புரேட்டர் தொண்டையில் பனி கட்டி ஐடிலில் அணையும். ஃபில்டருக்குச் சூடான காற்று கொண்டுவந்த கம்பெனிக் குழாயை எடுத்துவிட்டோம் அல்லவா, அதன் விலை அது.

வண்டிக்குள் எண்ணெய் நாற்றம் வந்தால் அலட்சியம் கூடாது. கேபினுக்குப் போகும் காற்றின் ஜன்னலும் கண்ணாடிக்கு அடியிலேதான். பானட்டின் பின் விளிம்பு ரப்பர் இல்லாமலும் தட்டின் வளையம் விட்டுப்போயும் இருந்தால், இன்ஜின் அறைப் புகை நேராக வென்ட் வழியாக உள்ளே வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிந்தால் அதோடு கார்பன் மோனாக்சைடும் சேரும், அதற்கு வாசனை கிடையாது. வால்வ் கவர் பிரீதரைத் (இன்ஜின் ஆவி வெளியேறும் வாயை) திறந்து விடாமல் ஃபில்டரின் உட்புறத்துக்குக் குழாய் போட்டு இணைத்தால் எண்ணெய் ஆவி கேபின் பக்கம் போகாது.

மூன்றாம் கோடைக்குள் வளையம் கெட்டியாகும், மேற்பரப்பில் சிறு வெடிப்புகள் விடும். அந்த நேரத்தில் மறுபடி சாக் பொடி தடவிப் பாருங்கள். கோடு விட்டுவிட்டு விழுந்தால், அப்படியே இழுத்து ஒட்டாமல் புதியதை முழு வளையமாக வாங்கி, இணைப்பு வாயைப் பின்பக்கம் வராதபடி பக்கவாட்டில் வைத்து ஒட்டுங்கள். பின்பக்கம்தான் கண்ணாடியிலிருந்து தண்ணீர் தெறிக்கும் இடம்.